சிறிய சேர்வரில் ஓடும் விடுதித் தளம் மெதுவாகத் திறக்கிறது: பெரிய சேர்வர் வாங்குவதா, கேஷ் அமைப்பதா?

கேள்வி இவ்வளவுதான்: வேர்ட்பிரஸில் கட்டிய விடுதித் தளம், 2 ஜிபி நினைவகமுள்ள வாடகைச் சேர்வர், அதில் என்ஜின்எக்ஸும் (பக்கங்களை வாசகருக்கு அனுப்பும் மென்பொருள்) பிஎச்பியும் (வேர்ட்பிரஸ் பக்கங்களை உருவாக்கும் நிரல்மொழி). சீசன் வந்தால் பக்கம் திறக்க ஐந்தாறு விநாடி. இரட்டிப்பு வாடகை கொடுத்துப் பெரிய சேர்வருக்குப் போகலாமா, இல்லை கேஷ் அமைத்து, அதாவது ஒருமுறை உருவானதைச் சேமித்து வைத்து மறுபடி கொடுத்துச் சமாளிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

போகாதீர்கள். உப்புவெளியில் ஒரு விடுதியின் தளத்தை நான்தான் பராமரிக்கிறேன். திருகோணமலையில் இருக்கும் எங்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் கூட்டம். அந்த ஐந்து மாதத்துக்காகப் பன்னிரண்டு மாத வாடகையை உயர்த்திக்கொள்ள விடுதி உரிமையாளருக்கு மனமில்லை; எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. அங்கே நான் செய்ததையும் கெடுத்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எதையும் தொடும் முன் அளந்து பாருங்கள். முதல் பைட் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கர்ல் கட்டளை தனியாகக் காட்டும். அதுவே இரண்டு மூன்று விநாடி என்றால் சேர்வர் திணறுகிறது. முதல் பைட் உடனே வந்துவிட்டு, பக்கம் நிரம்பத்தான் நேரம் எடுக்கிறது என்றால் குற்றவாளி படங்கள். சேர்வர் கேஷால் அங்கே ஒரு பயனும் இல்லை. உப்புவெளித் தளத்தில் இரண்டு நோயும் இருந்தன. புறாத்தீவின் படம் ஒன்றைக் கேமராவில் எடுத்த அளவிலேயே முகப்பில் ஏற்றியிருந்தார்கள். அதைச் சுருக்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. சேர்வர் சிங்கப்பூரில் இருப்பதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தூரத்தைப் போய்வர ஒரு விநாடியில் சிறு பங்குதான் ஆகும். மூன்று விநாடிக்கு அது கணக்குச் சொல்லாது.

இனி கேஷ். மாலையில் எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் முன் நின்று பார்த்தால் மொத்தமும் விளங்கிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸும் வடையும் அடுக்கியிருக்கும். கேட்ட கையோடு கிடைக்கும். கொத்துரொட்டி அப்படியல்ல. முட்டையா, கோழியா, உறைப்பு எவ்வளவு என்று கேட்ட பிறகுதான் தட்டத் தொடங்குவார்கள். ஆனால் கொத்தப்படும் அந்த ரொட்டி முன்னரே சுட்டு அடுக்கி வைத்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரிப் போகும் முகப்பு, அறைகளின் படங்கள், வரும் வழி ஆகியவை ரோல்ஸ்; முழுப் பக்கமாகவே சேமித்து வைக்கலாம். முன்பதிவுப் பக்கம் கொத்து. ஆளுக்கு ஆள் மாறும், சேமிக்கக் கூடாது. ஆனால் அதற்குள் வரும் அறை விவரங்களைத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு முறையும் தேடாமல் ரெடிஸில் (தரவை நினைவகத்திலேயே வைத்திருக்கும் மென்பொருள்) வைத்துக்கொள்ளலாம். அதுதான் சுட்டு வைத்த ரொட்டி.

ரெடிஸை நிறுவினால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். 64 பிட் சேர்வரில் அதற்கு இயல்பாக நினைவக வரம்பே கிடையாது. 2 ஜிபிக்குள் தரவுத்தளமும் பிஎச்பியும் இருக்கும்போது அப்படி விட்டுவைப்பது ஆபத்து. 128 எம்பி என்று வரம்பிட்டு, நிரம்பினால் நெடுநாள் தொடாததை வெளியேற்று என்றும் சொல்லிவையுங்கள். பிஎச்பி நிரலைத் தொகுத்த வடிவில் நினைவகத்தில் வைக்கும் ஓப்கேஷ் 2013இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. அது இயங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆதாயம் என்ஜின்எக்ஸின் முழுப்பக்க கேஷில்தான். ஒரு பக்கத்தை உருவாக்க பிஎச்பிக்கு 2 விநாடி ஆகிறது, நிமிடத்துக்கு 60 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். அது 120 விநாடி உழைப்பு. இரண்டு பிஎச்பி செயல்கள் மூச்சுவிடாமல் ஓடினால்தான் தாங்கும். பக்கத்தை ஒரே ஒரு நிமிடம் சேமித்து வைத்தாலும் உழைப்பு 2 விநாடியாகச் சுருங்கிவிடும். நாள்கணக்கில் வைத்தால்தான் பலன் என்று நினைக்க வேண்டாம்.

அமைக்கும்போது சாவிகளுக்கான (சேமித்த ஒவ்வொரு பக்கத்தையும் அடையாளம் காட்டும் பெயர்களுக்கான) நினைவகம் எவ்வளவு என்று கேட்கும். 1 எம்பியில் ஏறக்குறைய 8,000 சாவிகள் அடங்கும். நாற்பது பக்கத் தளத்துக்கு 100 எம்பி ஒதுக்கச் சொல்லும் குறிப்புகளைக் கண்டால் சிரித்துவிட்டுக் கடந்துபோங்கள். சேமித்த கோப்புகளை நினைவக வட்டில் (நினைவகத்தின் ஒரு பகுதியையே வட்டாகப் பயன்படுத்துவது) வைக்கத் தேவையில்லை. அடிக்கடி படிக்கும் கோப்பை லினக்ஸ் தானாகவே நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். நான் தடுக்கி விழுந்த இடம் வேறு. பக்கம் ஒரு நாள் செல்லும் என்று எழுதியிருந்தேன். ஆனாலும் காலையில் பார்த்தால் கேஷ் காலியாக இருந்தது. யாரும் தொடாமல் கிடக்கும் பக்கத்தை என்ஜின்எக்ஸ் 10 நிமிடத்தில் அகற்றிவிடும், ஒரு நாள் செல்லும் என்று நாம் எழுதியிருந்தாலும்கூட. அது தனி அமைப்பு, அதன் இயல்பு மதிப்பு 10 நிமிடம். கூட்டம் குறைந்த தளங்களுக்கே இந்த அடி அதிகம். அதையும் ஒரு நாளாக்குங்கள்.

கேஷ் பூட்டையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கம் இன்னும் கேஷில் இல்லாத கணத்தில் வரும் இருபது பேரும் ஒன்றாக பிஎச்பியின் கதவைத் தட்டுவார்கள். பூட்டு இருந்தால் ஒருவர் மட்டும் உள்ளே போவார். கேஷில் உள்ள பக்கம் காலாவதியாகும் கணத்துக்கு இந்தப் பூட்டு போதாது; புதிய பக்கம் தயாராகும்வரை மற்றவர்களுக்குப் பழையதைக் கொடு என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

இப்போது நான் கெடுத்த கதை. எல்லாம் அமைத்த பிறகும் எந்தப் பக்கமும் சேமிக்கப்படவில்லை. பதில் தலைப்புகளை, அதாவது பக்கத்தோடு சேர்ந்து வரும் குறிப்பு வரிகளைப் பார்த்தேன். காலாவதித் தேதி 1981 நவம்பர் 19 என்று இருந்தது; கடந்துபோன தேதி என்றால் சேமிக்காதே என்று பொருள். பிஎச்பி செஷன் (வந்தவர் ஒவ்வொருவரையும் நினைவில் வைக்கும் ஏற்பாடு) தொடங்கினால் தானாக எழுதும் தேதி அது. உள்நுழைந்தவருக்கு வேர்ட்பிரஸ் எழுதும் தேதி 1984 ஜனவரி 11. இந்த இரண்டையும் நினைவில் வைத்திருந்தால் யார் குறுக்கே நிற்கிறார் என்று பார்த்தவுடன் தெரியும். எங்கள் தளத்தில் முன்பதிவுச் செருகுநிரல் ஒன்று எல்லாப் பக்கத்திலும் செஷன் தொடங்கிக் குக்கி கொடுத்துக்கொண்டிருந்தது. குக்கி வைக்கும் பதிலை என்ஜின்எக்ஸ் சேமிக்காது, அது சரியான குணம். நானோ அந்தச் செருகுநிரலைத் திருத்தாமல், எங்கோ கிடைத்த வரியை ஒட்டி, இந்தத் தலைப்புகளைக் கண்டுகொள்ளாதே என்று கட்டளையிட்டுவிட்டேன்.

தளம் பறந்தது. மறுநாள் காலை உரிமையாளர் அழைத்தார். "தம்பி, யாரோ என் பெயரில் உள்ளே நிற்கிறார்கள்." விருந்தினர் ஒருவர் தன் கைபேசித் திரையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார். முகப்பின் உச்சியில் நிர்வாகியின் கறுப்புப் பட்டை, வலது ஓரத்தில் உரிமையாளரின் பெயர். யாரும் உள்ளே நுழையவில்லை. அழுத்தினால் கடவுச்சொல் கேட்டிருக்கும். ஆனால் அதை அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

நடந்தது இதுதான். உள்நுழைவுக் குக்கி இருந்தால் கேஷிலிருந்து எடுக்காதே என்று எழுதியிருந்தேன். கேஷில் போடாதே என்று எழுதவில்லை. என்ஜின்எக்ஸில் இவை இரண்டும் வெவ்வேறு கட்டளைகள், பைபாஸ் ஒன்று, நோ-கேஷ் ஒன்று. உரிமையாளர் உள்நுழைந்தபடி முகப்பைத் திறந்தார். பக்கம் புதிதாக உருவானது. அவருடைய பட்டையோடு அப்படியே சேமிக்கப்பட்டு ஊருக்கெல்லாம் போனது. தலைப்புகளை மதிக்க விட்டிருந்தால் 1984ஆம் ஆண்டுத் தேதியே அதைத் தடுத்திருக்கும். ஒட்டிய வரியை நீக்கி, செருகுநிரலை முன்பதிவுப் பக்கத்தில் மட்டும் இயங்கும்படி கட்டி, இரண்டு கட்டளைக்கும் ஒரே நிபந்தனையைக் கொடுத்தேன். நீங்கள் தொடங்கும்போதே எவற்றைச் சேமிக்கக் கூடாது என்ற பட்டியலை முதலில் எழுதுங்கள்: நிர்வாகப் பகுதி, முன்பதிவு, கட்டணம், தேடல், உள்நுழைந்தவர் பார்க்கும் எதுவும்.

இன்னொன்று, விடுதிக்காரர்களுக்கென்றே இருப்பது. பேஸ்புக்கிலிருந்து வருபவரின் முகவரியில் எஃப்பிகிளிட் (fbclid) என்று ஒரு வால் தொங்கும். அழுத்தும்போதெல்லாம் அது வேறு வேறு. பரவலாகப் பகிரப்படும் அமைப்பு வரிகளில் முகவரியில் கேள்விக்குறி இருந்தாலே கேஷைத் தவிர் என்று இருக்கும். தவிர்க்காமல் விட்டாலும் ஒவ்வொரு வாலும் தனிச் சாவியாகிவிடும். எப்படியும் பேஸ்புக்கில் சலுகை அறிவித்த அன்று வரும் கூட்டம் முழுவதும் நேரே பிஎச்பியின் தலையில் விழும். எங்களுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் அங்கிருந்துதான் வருகிறார்கள். என்ஜின்எக்ஸின் மேப் வசதியால் அந்த வாலை நறுக்கிவிட்டு, மீதி முகவரியைச் சாவியாக்குங்கள்.

கேஷ் நிலையைக் காட்டும் தலைப்பு ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் முதல் முறை மிஸ் (கேஷில் இல்லை), இரண்டாம் முறை ஹிட் (கேஷிலிருந்து வந்தது) என்று கண்ணால் பார்க்கலாம். உள்நுழைந்து பார்க்கும்போது பைபாஸ் என்று வர வேண்டும். அதன் பிறகு உலாவியின் தனிச் சாளரத்தில் (உள்நுழைவு இல்லாத இன்காக்னிட்டோவில்) அதே பக்கத்தைத் திறந்து, கறுப்புப் பட்டை இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். இதை நான் இப்போது ஒருமுறையல்ல, மூன்று முறை செய்கிறேன்.

உலாவியிடம் மட்டும் பக்கத்தை நெடுநேரம் வைத்திருக்கச் சொல்லாதீர்கள். படத்துக்கும் பாணிக் கோப்புக்கும் அது சரி. சேர்வரில் உள்ளதை நினைத்த நேரம் அழிக்கலாம். நிலாவெளிக் கடற்கரையில் நிற்பவரின் கைபேசியில் பழைய விலை உட்கார்ந்துவிட்டால் உங்கள் கை அங்கே எட்டாது. விலை மாறும்போது சேர்வரின் கேஷ் முழுவதையும் துடைத்துவிடுவதே எளிது. சிறிய தளத்துக்குப் பக்கம் பக்கமாகத் தேடி அழிக்கும் நுணுக்கம் தேவையில்லை. அதற்கென ஒரு பொத்தானை நிர்வாகப் பகுதியில் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

உப்புவெளித் தளம் இன்றும் அதே 2 ஜிபி சேர்வரில்தான் ஓடுகிறது. விலையை மாற்றும் ஒவ்வொரு முறையும் உரிமையாளர் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு, என்னையும் அழைத்து, "தம்பி, பழையது போய்விட்டதா?" என்று கேட்கிறார். நானும் தனிச் சாளரத்தில் திறந்து பார்த்துவிட்டுத்தான் போய்விட்டது என்கிறேன்.