வயிறு தள்ளிய சுவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஸ்டுட்கார்ட்டில் என்னோடு வேலை பார்த்த இத்தாலிய நண்பர் இப்போது சொந்த ஊரான லா ஸ்பெட்சியாவுக்கே திரும்பிவிட்டார். செப்டம்பரில் நானும் மனைவியும் நான்கு நாள் அங்கே போகிறோம். தன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்கிறார். மனைவிக்குத் தயக்கம், ஹோட்டலே வசதி என்கிறாள். முதல் நாள் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் சின்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்கள், அடுத்த நாள் போர்தோஃபினோ, அப்புறம் பீசா என்று திட்டம். இதற்கு நடுவே, ரியோமஜோரேவுக்கு மேலே அவர் அப்பாவின் தோட்டத்தில் திராட்சை அறுவடையாம், ஒருநாள் முழுக்க அங்கே வாருங்கள் என்று கூப்பிடுகிறார். இருப்பதே நாலு நாள். மனம் நோகாமல் எப்படி மறுப்பது? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? இயற்கை அன்னை செதுக்கிய சொர்க்கம் என்கிறார்களே, உண்மைதானா?

ஒரு வாசகர், ஸ்டுட்கார்ட்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான், அந்த ஐந்து ஊர்களில் ஒன்றான மனரோலாவிலிருந்து என் தோழி ஒரு படம் அனுப்பியிருந்தாள். படத்தில் ஆளும் இல்லை, கடலும் இல்லை. ஒரு கல்சுவர், நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. கீழே, “வயிறு தள்ளிவிட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை” என்று ஒரு வரி. சுவர் புடைத்தால் அங்கேயும் வயிறு என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் கோபம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கும் விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அடுத்தவர் வீட்டுக் குளியலறைக்கு முன்னால் காலையில் காத்து நிற்கும் சங்கடம் உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அறை எடுத்துக்கொள்ளுங்கள். பீசாவை விட்டுவிடுங்கள். 1990-இல் அந்தக் கோபுரத்தை மூடி, கொஞ்சம் நிமிர்த்தி, 2001-இல் திறந்துவிட்டார்கள். இனி அது எங்கும் போகாது. போர்தோஃபினோவில் பணக்காரர்களின் படகுகளை எண்ணலாம், விருப்பமிருந்தால் போங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, அகலத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுடும் ஃபரினாதா இருக்கிறது. நான் இரண்டு நாள் அதைத் தின்றே ஓட்டியிருக்கிறேன். துளசி வகை இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ பச்சையாக இருப்பதால் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் போடும் பார்மிஜானோ சீஸுக்குப் பால் உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு. அது உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நெத்திலியும் வேண்டாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தட்டில் வைத்த பிறகு சொன்னால்தான் சமைத்த அம்மா வருத்தப்படுவார்.

இனி அந்த “எப்படி மறுப்பது”. தம்பி, உங்களை ஒருவர் தன் அறுவடைக்குக் கூப்பிட்டிருக்கிறார். டிக்கெட் எடுத்தால் எவரும் பார்க்கக்கூடிய ஐந்து ஊருக்காக, எந்தக் காசுக்கும் கிடைக்காத அழைப்பைத் தட்டிக்கழிக்க என்னிடமே வழி கேட்கிறீர்கள். நல்ல ஆள் நீங்கள்!

இயற்கை அன்னை எதையும் செதுக்கவில்லை. அந்த மலைகள் கடலுக்குள் நேராக இறங்குபவை. ஆடு நிற்கலாம், திராட்சைக் கொடி நிற்காது. பல நூறு ஆண்டுகளாக அங்கிருந்தவர்கள் சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, பின்னால் மண்ணை நிரப்பினார்கள். படிகளுக்கு ஃபாஷே என்று பெயர். நீங்கள் படகிலிருந்து போட்டோ எடுக்கப்போகும் அந்தப் பச்சை வரிகள் எல்லாம் மனிதர்கள் தூக்கி வைத்த கல். 1997-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்ததும் வண்ண வீடுகளுக்காக மட்டும் அல்ல, இந்தப் படிகளுக்காகவும்தான்.

சுவரில் சுண்ணாம்பும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. பெரிய கல்லுக்கு நடுவே சில்லுக்கல்லை ஆப்பாக வைப்பார்கள், அவ்வளவுதான். நான் முதல்முறை போனபோது தோழியின் அப்பாவிடம் கெட்டிக்காரத்தனமாக, சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டால் வருஷா வருஷம் வேலை இருக்காதே என்றேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சுவரின் தலையில் ஊற்றினார். தண்ணீர் கல் இடுக்குகளில் வடிந்து காலடிக்கு வந்தது. அதைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பூசி அடைத்தால் மழைத்தண்ணீர் பின்னால் தேங்கும், ஈரமண்ணின் பாரம் ஒருநாள் சுவரையே தள்ளிவிடும். இதைத் தோழிதான் பிறகு சொன்னாள்.

நானும் உங்களைப் போலப் பட்டியலோடு போனவள்தான். அறுவடை நேரம். அங்கே திராட்சைப் பந்தல் இடுப்பளவுதான், காற்றுக்குப் பயந்து தாழ்த்திக் கட்டியிருப்பார்கள். குனிந்து, சமயத்தில் முழங்காலிட்டுத்தான் பறிக்க வேண்டும். நல்ல குலைகளைத் தனிக் கூடையில் போட வேண்டும், அவை நிழலில் வற்றக் காய்ந்து ஷக்கெத்ரா என்ற இனிப்பு ஒயின் ஆகும். நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தேன். அதற்குத் திட்டு வாங்கினேன். பதினோரு மணிக்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. கடலைப் பார்க்கலாம் என்று சுவர் விளிம்பில் காலை வைத்தேன். ஒரு கல் கழன்று கீழ்ப் படியில் விழுந்தது.

அதற்குத் தோழியின் அப்பா திட்டவில்லை. கூடையை வைத்துவிட்டுக் கீழே இறங்கினார், கல்லைத் தேடி எடுத்து வந்தார். இப்படி வைத்தார், அப்படித் திருப்பினார், எடுத்துவிட்டார், மறுபடி வைத்தார். அப்போதே அவருக்கு வயது எழுபதுக்கு மேல். கல் உட்கார்ந்ததும் ஒரு சில்லை என் கையில் கொடுத்து, இடுக்கைக் காட்டினார். நான் வைத்தேன், ஆடியது. எடுக்கச் சொன்னார். நாலாவது முறைதான் நின்றது. மூன்று மணிப் படகுக்கு வாங்கிய டிக்கெட் பையிலேயே இருந்தது. ஐந்து ஊர்களில் ஒன்றான வெர்னாட்சாவை நான் அந்த முறை பார்க்கவே இல்லை.

2011 அக்டோபர் 25-இல் அதே வெர்னாட்சாவிலும், ஐந்தில் இன்னொன்றான மொந்தெரோஸ்ஸோவிலும் சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் மலை சரிந்து இறங்கியது. வெர்னாட்சாவின் கடைத்தெரு முதல் மாடி மட்டத்துக்குச் சேற்றில் மூழ்கியது, மூன்று பேர் இறந்தார்கள். சரிந்து வந்தது யாரும் கவனிக்காமல் விட்ட படிகளின் கல்லும் மண்ணும்கூடத்தான். தோட்டக்காரர்களின் பிள்ளைகள் லா ஸ்பெட்சியாவின் கடற்படைத் தளத்துக்கும் ரயில்வேக்கும் வேலைக்குப் போனார்கள், பிறகு சுற்றுலாத் தொழிலுக்குப் போனார்கள். போனவர்களைக் குறை சொல்ல நான் யார், நானே ஊரைவிட்டு வந்தவள். ஆனால் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருந்த என் தோழி அன்று இரவு போனில், “அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்” என்று அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது அவரால் மலை ஏற முடியவில்லை. தோழிக்குச் சுவர் கட்டத் தெரியாது.

எனவே போங்கள். மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள், விளிம்பில் காலை வைக்காதீர்கள். உங்கள் மனைவிக்கு இடுப்பு வலி வந்தால் என்னைத் திட்டச் சொல்லுங்கள். சின்க்வே தெர்ரேயின் ஊர்களுக்கு இடையே ரயிலில் சில நிமிடம்தான், மாலையில் இரண்டு ஊரை எட்டிப் பார்த்தால் போதும்.

அப்புறம் எனக்காக ஒன்று. உங்கள் நண்பரின் அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்: வயிறு தள்ளிய சுவரை முழுக்கப் பிரித்துத்தான் அடுக்க வேண்டுமா, இல்லை இந்த மழைக்காலம் முடியும்வரை தாங்குமா? படத்தைத் தனியே உங்களுக்கு அனுப்புகிறேன், அவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா