பளு தூக்குதலில் பிளாக் பயிற்சி: கேள்வி பதில்

கேள்வி: பாரை, அதாவது எடை பூட்டிய கம்பியை, கையில் தொங்கவிட்டுத் தூக்கும் ஹேங் முறைக்கும், முழங்கால் உயரப் பிளாக்கிலிருந்து (பாரின் இருபுற எடைகளையும் தாங்கும் மேடைகளிலிருந்து) தூக்குவதற்கும் என்ன வேறுபாடு?

பதில்: உயரம் ஒன்றுதான், தொடக்கம் வேறு. ஹேங்கில் பாரை இறக்கும்போது தொடையின் பின்தசைகள் இழுபடுகின்றன. அந்த இழுவிசையின் ஒரு பகுதி மேலெழும்போது கைகொடுக்கிறது. பிளாக்கின் மேல் பார் அசைவற்றுக் கிடப்பதால் அந்த உதவி கிடைப்பதில்லை. ஓய்வு நிலையிலிருந்தே, குறுகிய தூரத்துக்குள், விசை முழுவதையும் திரட்டியாக வேண்டும். அதேசமயம், ஒவ்வொரு தூக்கலுக்கும் இடையில் பாரைப் பிளாக்கே தாங்குவதால் கைப்பிடியும் கீழ்முதுகும் குறைவாகவே சோர்கின்றன.

கேள்வி: எந்த உயரம் நல்லது?

பதில்: உங்கள் குறை எதுவோ அதற்கேற்ற உயரம். பார் முழங்காலைக் கடக்கும் இடத்தில் தோள் பின்வாங்குகிறது என்றால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வைக்கலாம். பாருக்கு அடியில் புகும் வேகம் போதவில்லை என்றால் நடுத்தொடை உயரம் பொருந்தும். பிளாக்கை அளக்காமல், பார் காலைத் தொடும் இடத்தைப் பாருங்கள். 450 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளேட்டுகளுக்கு (எடைத் தட்டுகளுக்கு) பதில் சிறியவற்றைப் பூட்டினால், அதே பிளாக்கில் பார் தாழ்ந்துவிடும்.

கேள்வி: பிளாக்கிலிருந்து ஸ்நாட்ச் (பாரை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) எடை கூடிவிட்டது, தரையிலிருந்து கூடவே இல்லை. ஏன்?

பதில்: அடிக்கடி வரும் கேள்வி இது. பெரும்பாலும் குற்றவாளி தொடக்க நிலைதான். பிளாக்கின் முன் நிற்பவர் இடுப்பைத் தாழ்த்தி, மார்பை நிமிர்த்தி, தோளைப் பாருக்குப் பின்னால் கொண்டுபோய் வசதியாக அமர்ந்துவிடுகிறார். தரையிலிருந்து தூக்கும்போதோ, அதே உயரத்தில் தோள் பாருக்கு முன்னால் இருக்கும், இடுப்பும் உயர்ந்திருக்கும். ஆகவே அவர் பழகுவது தம் ஸ்நாட்சில் எங்குமே வராத ஒரு நிலையை. நானும் பல மாதங்கள் இப்படி ஏமாந்திருக்கிறேன். இரண்டையும் பக்கவாட்டில் படம்பிடித்து, பார் ஒரே உயரத்தில் இருக்கும் நொடியில் நிறுத்தி ஒப்பிடுங்கள். தோற்றம் ஒத்துப்போகாவிட்டால் எடையைக் குறைத்து நிலையைத் திருத்துங்கள். ஒத்துப்போனால், தரையிலிருந்து முழங்கால்வரையான இழுப்பே பலவீனம்; அதைப் பிளாக் சரிசெய்யாது.

கேள்வி: மார்பிலிருந்து பாரைத் தலைக்கு மேல் தூக்கும் ஜெர்க்கிற்கும் பிளாக் தேவையா?

பதில்: கட்டாயமில்லை. தலைக்கு மேலிருந்து கனத்த பாரை மார்புக்கு இறக்கும் அதிர்ச்சியைத் தோளும் மணிக்கட்டும் தவிர்க்கலாம் என்பதே அதன் பெரும் பயன். பாரை அப்படியே கைவிட்டுவிடாமல், பிளாக்கைத் தொடும்வரை கையால் வழிநடத்துங்கள். சாய்ந்து விழுந்தால் பிளாக்கின் விளிம்பில் பட்டுக் காலை நோக்கி உருளும்.