ரீலோடிங் மேசை: கராஜில் கிடக்கும் கம்ப்யூட்டர் மேசை போதுமா?

கேள்வி: டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறோம். வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய்ச் சுடுவது என் பொழுதுபோக்கு. சுட்டு முடித்த 308 (ரைஃபிள்), 9 எம்எம் (கைத்துப்பாக்கி) தோட்டாக்களின் காலிப் பித்தளைக் கேஸ்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். இனி வீட்டிலேயே ரீலோட் செய்யலாம், அதாவது அவற்றில் மறுபடி வெடிமருந்துப் பவுடரும் குண்டும் வைத்துத் தோட்டாவாக்கலாம் என்று எண்ணம். கராஜில் ஒரு பழைய கம்ப்யூட்டர் மேசை கிடக்கிறது. அதில் பிரஸ்ஸை (இந்த வேலைக்கான, கைப்பிடியை இழுத்து இயக்கும் இயந்திரம்) மாட்டிக்கொள்ளலாமா? வீட்டில் ஐந்து வயதுப் பையன் இருக்கிறான்.

பதில்: அந்த மேசை வேண்டாம். கம்ப்யூட்டர் மேசைகளின் பலகை பெரும்பாலும் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்தது. சுட்டதால் உப்பிய 308 கேஸை டை எனும் உலோக அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவர, பிரஸ்ஸின் கைப்பிடியை நல்ல பலத்தோடு இறக்க வேண்டும். கேஸில் மசகு கொஞ்சம் குறைந்தாலும் உடம்பின் பாரமே அதில் இறங்கும். சில வாரங்களிலேயே போல்ட் துளைகள் அகன்று, பலகை உதிர ஆரம்பித்துவிடும். உடைவதைவிட ஆடுவதுதான் பெரிய தொல்லை. பிரைமர் (கேஸின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) சரியாக உட்கார்ந்ததா என்பதைக் கை உணர்வில்தான் அறிய முடியும். மேசை ஆடினால் அந்த உணர்வே தெரியாது. பவுடர் அளக்கும் கருவியும் அதே மேசையில் இருந்தால் அதிர்ச்சியில் உள்ளே பவுடர் அமுங்கி, ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவாக விழும்.

மரம் வாங்கும் முன் சட்ட விஷயத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் உரிமம் வேண்டும். நம்மவர்கள் பலர் கவனிக்காத இடம் விசா. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. சட்டத்தின் கணக்கில் காலிக் கேஸ், பிரைமர், குண்டு, பவுடர் எல்லாமே தோட்டாதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு; வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் இந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது. இதை ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

சரி, மேசை. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம் தாராளம். அதைவிடப் பெரிதாகச் செய்தால் மிச்ச இடத்தில் பெயின்ட் டப்பாவும் அமேசான் பெட்டிகளும் குடியேறும். மேல்பலகைக்கு முக்கால் அங்குல பிளைவுட் இரண்டைப் பசையும் திருகும் போட்டு ஒட்டி ஒன்றரை அங்குலமாக்குங்கள். கால்களுக்கு ஃபோர்-பை-ஃபோர் மரக்கட்டை, சுற்றிலும் சட்டத்துக்கு டூ-பை-ஃபோர். பின்பக்கச் சட்டத்தைச் சுவருக்குள் இருக்கும் மரத் தூண்களில் திருகிவிடுங்கள். அமெரிக்க வீடுகளில் அவை பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும். சுவரில் பிடித்துவிட்டால் மேசையின் எடையைப் பற்றிக் கவலையில்லை. பிடிக்காத லேசான மேசை, கைப்பிடியை மேலே தள்ளும்போது முன்பக்கம் எழும்பிக்கொள்ளும்.

பிரஸ்ஸை நடுவில் வைக்கத் தோன்றும். ஒரு காலுக்குப் பக்கத்தில், முன்விளிம்பில் வையுங்கள். அங்கேதான் மேசை வளையாது, கைப்பிடி கீழே இறங்கவும் இடம் இருக்கும். முன்சட்டத்தை அடிக்கும் முன் பிரஸ்ஸை அந்த இடத்தில் வைத்து, போல்ட் துளைகள் எங்கே வருகின்றன என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மேசையை முடித்த பிறகு பார்த்தால், போல்ட் இறங்க வேண்டிய இடத்தில் சரியாக டூ-பை-ஃபோர் உட்கார்ந்திருக்கும். ஊடுருவிப் போகும் போல்ட்டும், கீழே அகலமான வாஷரும் போடுங்கள். மரத்தில் நிற்கும் திருகாணி நாளடைவில் தளரும். உயரம் நின்று வேலை செய்ய 36 அங்குலம் பலருக்குச் சரிவரும். ஆனாலும் கால்களை அறுக்கும் முன், கைப்பிடி முழுதாக இறங்கும்போது இடுப்பு வளைகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பிரஸ்ஸில் எது நல்லது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுதான். ஒரு கேஸை ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் மாதிரியான ஒன்றில் தொடங்குங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பல வேலைகளைச் சேர்த்துச் செய்யும் டில்லன் வகை இயந்திரங்களில் வேகம் அதிகம். புதியவருக்குக் கவனிக்க வேண்டியவையும் அதிகம்.

பணத்தை அடுத்தபடியாக விளக்கில் போடுங்கள். 308 கேஸில் பவுடர் பெரும்பாலும் பாதிக்கு மேல் நிற்கும். தவறி இரண்டு முறை போட்டால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். 9 எம்எம்மில் பல பவுடர்கள் கேஸின் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் உள்ளேயே அடங்கிவிடும். மேலே குண்டு உட்கார்ந்த பிறகு வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. சுடும்போது துப்பாக்கி வெடிக்கலாம், விரல் போகலாம். பவுடரே விழாமல் போனால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டாலும் ஆபத்துதான். அதனால் 50 துளை உள்ள கட்டையில் கேஸ்களை வரிசையாக நிறுத்தி, பவுடர் போட்டு முடித்ததும் ஒவ்வொன்றுக்குள்ளும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் எரியும் கராஜ் விளக்கில் உங்கள் நிழல்தான் கேஸுக்குள் விழும். தலைக்குச் சற்று முன்னால் ஒரு எல்இடி குழல், கூடவே வளையும் கழுத்துள்ள ஒரு சிறு விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தராசைப் பிரஸ்ஸோடு ஒரே பலகையில் வைக்காதீர்கள். சுவரில் தனியாக ஒரு சின்னத் தட்டு, முள் தராசானால் முள் கண் மட்டத்தில் வரும்படி. பவுடரின் அளவு கிரெய்ன் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். இவ்வளவு சிறிய எடைக்கு ஏசி காற்றே தராசை ஆட்டிவிடும். எவ்வளவு பவுடர் என்பதை நான் சொல்ல மாட்டேன், வேறு யார் சொல்லியும் போடாதீர்கள். லைமன், ஹார்னடி போன்ற நிறுவனங்களின் ரீலோடிங் கையேட்டைத் திறந்து வைக்க மேசையில் ஓர் இடம் ஒதுக்குங்கள். பவுடர் டப்பா ஒரு நேரத்தில் ஒன்றுதான் மேசையில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளக்கும் கருவியில் மிஞ்சியதை அதே டப்பாவில் திருப்பிக் கொட்டிவிடுங்கள். மறுவாரம் அது எந்தப் பவுடர் என்று நினைவிருக்காது.

மேசை கராஜில் இருக்கலாம், ஆனால் எரிவாயுவில் எரியும் வாட்டர் ஹீட்டருக்கு எதிர்ப்பக்கச் சுவரில். பவுடரையும் பிரைமரையும் கராஜில் வைக்காதீர்கள். டெக்சாஸ் கோடையில் கராஜ் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். வீட்டுக்குள் குளிர்ந்த, காய்ந்த இடம் வேண்டும். பையன் இருக்கிறானே என்று இரும்பு சேஃபில் பூட்டத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். தோட்டாவில் போடும் இந்தப் புகையில்லாப் பவுடர் திறந்த இடத்தில் வேகமாக எரியும், அவ்வளவுதான். இறுக்கமான இரும்புக்குள் அடைபட்டு எரிந்தால் அழுத்தம் ஏறி வெடிக்கும். ஒரு அங்குல மரத்தில் செய்து பூட்டுப் போட்ட அலமாரி, அவன் கைக்கு எட்டாத உயரத்தில். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியான என்எஃப்பிஏ 495 வீட்டில் 20 பவுண்டு வரை பவுடரை அதன் சொந்த டப்பாவிலும், அதற்கு மேல் 50 பவுண்டு வரை இப்படிப்பட்ட மரப்பெட்டியிலும் வைக்க அனுமதிக்கிறது. பிரைமருக்கு உச்சம் 10,000. உங்களுக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. உங்கள் ஊரின் விதி இதைவிடக் கடுமையாக இருக்கிறதா என்று தீயணைப்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பிரைமரை அது வந்த அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடி ஜாடியில் கொட்டி வைப்பவர்கள் உண்டு. ஒன்றோடொன்று உரசி ஒன்று வெடித்தால் மற்றதும் சேர்ந்து வெடிக்கும்.

பையனைப் பொறுத்தவரை எனக்கு அதிகக் கவலை ஈயம்தான். பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது, சுட்ட கேஸுக்குள் அதன் கரி ஒட்டியிருக்கும். வால்நட் ஓட்டுத் தூளில் கேஸை உருட்டிச் சுத்தம் செய்யும்போது அந்தத் தூசி பறக்கும். குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. தண்ணீரில் ஸ்டீல் ஊசிகளோடு உருட்டும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், தூசி எழாது. தரையில் கார்ப்பெட் கூடாது. மேசையில் காபியும் கூடாது. முடித்ததும் பலகையை ஈரத்துணியால் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிய பிறகு பையனைத் தூக்குங்கள். கீழே சிந்திய பவுடரை வாக்குவம் கிளீனரில் இழுக்காதீர்கள், மோட்டாரின் பொறி போதும் பற்றிக்கொள்ள. தூரிகையும் முறமும் மேசைக்கடியில் ஒரு கொக்கியில் தொங்கட்டும்.