196.5க்குக் கிண்டி கிடைக்குமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் கணிதம் 99, இயற்பியல் 96, வேதியியல் 99 எடுத்திருக்கிறாள். கணிதத்தை முழுசாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் கூட்டினால் 200க்குக் கட்-ஆஃப் 196.5. நாங்கள் பி.சி. வகுப்பு. ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்தே கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எலக்ட்ரானிக்ஸ் அவளுக்கு உயிர். ரேங்க் லிஸ்ட் வந்துவிட்டது, அடுத்த வாரம் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரியையும் பிரிவையும் வரிசையாகப் பதிய வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் போன வருஷம் 195.5க்கே கிண்டியில் சேர்ந்தான். யூடியூபில் ஒருவர், 197க்குக் கீழே என்றால் கிண்டியை மறந்துவிடுங்கள் என்கிறார். போனில் ஒரு காலேஜ் பிரெடிக்டர் 72 சதவீதம் வாய்ப்பு என்று காட்டுகிறது. என் கொழுந்தனார், "பேராசைப்பட்டுக் கிண்டியை மேலே போட்டால், மதுரையில் கிடைக்க வேண்டியதும் கையை விட்டுப் போய்விடும்" என்கிறார். அது நிஜமா? பொதுவில் போடுவதா, பி.சி.யில் போடுவதா என்றும் புரியவில்லை. மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் மனசு லேசாகும் என்று நினைக்கிறேன்.
– பெயர் வேண்டாம், ராஜபாளையம்

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மதிப்பெண் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையன் இருக்கிறான், யூடியூப் இருக்கிறது. மகளின் ரேங்க் மட்டும் இல்லை. கட்-ஆஃபைச் சொல்லிச் சொல்லியே அது உங்கள் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் இடம் ஒதுக்கும் கம்ப்யூட்டர் பார்ப்பது ரேங்க்கைத்தான்.

200க்கு 200 வாங்கியவர்களின் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். 2023இல் 102 பேர், 2024இல் 65 பேர், 2025இல் 144 பேர். கேள்வித்தாள் கொஞ்சம் எளிதாக இருந்தால் உச்சியில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அதே 196.5க்கு ஒரு வருஷம் முன்வரிசையில் இடம் இருக்கும், இன்னொரு வருஷம் பல நூறு பேருக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். போதாததற்கு ஒரே கட்-ஆஃப் எடுத்தவர்களுக்குள்ளும் வரிசை உண்டு. முதலில் கணித மதிப்பெண் யாருக்கு அதிகம் என்று பார்ப்பார்கள், அதிலும் சமமென்றால் இயற்பியல். இப்படியே போய்க் கடைசியில்தான் குலுக்கல் மாதிரி கொடுக்கும் ரேண்டம் எண். உங்கள் மகளுக்குக் கணிதத்தில் 99. அதே 196.5 எடுத்து, கணிதத்தில் 97 வாங்கிய பிள்ளைகள் எல்லோரும் அவளுக்குப் பின்னால்தான் நிற்பார்கள். அந்த நல்ல விஷயம் கட்-ஆஃபில் தெரியாது, ரேங்க்கில் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பையன் கதையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கிண்டியில் சேர்ந்தான், சரி. எந்தப் பிரிவில்? எந்த ஒதுக்கீட்டில்? கிண்டி வளாகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸும் உண்டு, மைனிங்கும் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸும் பிரிண்டிங்கும் உண்டு. இவை முடிகிற ரேங்க்குகளுக்கு நடுவில் பெரிய தூரம். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் போயிருப்பான், அதற்குத் தனிப் பட்டியல். அவனை வைத்து உங்கள் மகளை அளக்க முடியாது. யூடியூப்காரரின் 197உம் அப்படித்தான். எந்தப் பிரிவு, எந்த வகுப்பு என்று சொல்லாத எண்ணால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

அந்த 72 சதவீதத்தையும் நம்ப வேண்டாம். 60 இடம் உள்ள ஒரு பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பி.சி.க்கு 26.5 சதவீதம். ஏழரை சதவீதத்தைக் கழிப்பதற்கு முன்பே 16 இடம்தான். அந்தப் பதினாறில் மூன்று பேர் ஐ.ஐ.டி.க்கோ மருத்துவத்துக்கோ போனால் கடைசி ரேங்க் ஒரு பக்கம் நகரும், மூன்று பேர் புதிதாக அந்தப் பிரிவை விரும்பினால் இன்னொரு பக்கம் நகரும். அவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று எந்த ஆப்புக்கும் தெரியாது.

அப்படியானால் எப்படித்தான் கணிப்பது? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் மகளின் பொது ரேங்க்கையும் பி.சி. ரேங்க்கையும் பெரிதாக எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் கட்டம் போட்டு, கல்லூரி எண், பிரிவு, கடந்த மூன்று வருஷமும் பி.சி.யில் அந்தப் பிரிவு முடிந்த ரேங்க் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். முந்தைய ஆண்டுகளின் விவரம் கவுன்சிலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. மூன்று வருஷமும் உங்கள் ரேங்க்குக்குப் பின்னால்தான் முடிந்திருக்கிறது என்றால் அநேகமாகக் கிடைக்கும். சில வருஷம் முன்னால், சில வருஷம் பின்னால் என்றால் இழுபறி. மூன்று வருஷமும் உங்களுக்கு வெகு முன்னாலேயே முடிந்திருந்தால் கடினம். இந்த மூன்றுக்கு மேல் நுணுக்கமான கணிப்பு யாராலும் தர முடியாது.

196.5ஐ வைத்து எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடினம். எலக்ட்ரானிக்ஸ் இழுபறியிலோ அதற்குக் கொஞ்சம் அப்பாலோ இருக்கலாம். ஆனால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை மறந்துவிடாதீர்கள். அதுவும் அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகம்தான், அங்கேயும் எலக்ட்ரானிக்ஸ் உண்டு. கவுன்சிலிங் பட்டியலில் கல்லூரி எண் இப்படி: கிண்டி 1, ஏ.சி. டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 2, ஆர்க்கிடெக்சர் பள்ளி 3, எம்.ஐ.டி. 4. இந்த நான்கு எண்களும்தான் பல்கலைக்கழகத் துறைகள். அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயரோடு மண்டல வளாகங்களும் உறுப்புக் கல்லூரிகளும் பட்டியலில் வரும். எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இப்போது கொழுந்தனார் சொன்னதற்கு வருகிறேன். இதை எழுதத்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அது தவறு.

கம்ப்யூட்டர் முதல் ரேங்க் பிள்ளையின் பட்டியலை எடுக்கும். மேலிருந்து பார்த்து, இருக்கிற முதல் இடத்தைக் கொடுக்கும். அப்புறம் இரண்டாம் ரேங்க், மூன்றாம் ரேங்க். உங்கள் மகளின் முறை வரும்போது அவள் பட்டியலையும் மேலிருந்து பார்க்கும். முதலில் போட்ட கிண்டி எலக்ட்ரானிக்ஸ் நிரம்பிவிட்டதா? உடனே இரண்டாவது, இல்லாவிட்டால் மூன்றாவது. அவள் பட்டியலைப் பார்த்து முடிக்கும் வரை அவளுக்குப் பின்னால் இருக்கும் யாருக்கும் முறை வராது. மேலே பத்துக் கடினமான இடங்களைப் போட்டாலும் பதினொன்றாவதாக இருக்கும் மதுரை தியாகராஜர் கல்லூரிக்கான வாய்ப்பு இம்மியும் குறையாது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

2017 வரை நேரில் போய்த்தான் இடம் எடுக்க வேண்டும். என் தம்பியோடு நான் போயிருக்கிறேன். திரையில் கல்லூரிப் பெயருக்கு எதிரே இருக்கிற எண் மூன்று, இரண்டு, ஒன்று என்று குறையும். பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கும். கிடைப்பதைப் பிடித்துக்கொள் என்கிற பயம் அந்தக் காலத்துப் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. 2018இல் கவுன்சிலிங் ஆன்லைனுக்கு மாறிய பிறகு அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் என் அண்ணன் மகள் அதே பயத்தில் வீட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றை முதலிலும் எம்.ஐ.டி.யை ஐந்தாவதாகவும் போட்டாள். முதலில் போட்டதே கிடைத்தது. அவளுக்குப் பின்னால் இருந்த ரேங்க்குக்கு எம்.ஐ.டி.யில் அதே பிரிவு கிடைத்ததை அப்புறம் பார்த்தோம். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை இன்னும் யாரும் எடுப்பதில்லை.

அதனால் பட்டியலை ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள். வாய்ப்பைப் பார்த்து வரிசையை மாற்ற வேண்டாம். நோட்டில் போட்ட கணக்கு எதற்கு என்றால், கீழே நிச்சயமாகக் கிடைக்கக்கூடியவை போதுமான அளவு இருக்கின்றனவா என்று பார்க்கத்தான். வரிசையை மகளே சொல்லட்டும். இரண்டிரண்டாகக் கேளுங்கள். கிண்டியில் மைனிங்கா, தியாகராஜரில் எலக்ட்ரானிக்ஸா? எம்.ஐ.டி.யா, கோவை பி.எஸ்.ஜி.யா? அவள் பதில் சொல்லச் சொல்ல வரிசை தானாக வந்துவிடும். கிடைத்தாலும் போக மாட்டேன் என்கிற இடத்தைப் போடவே வேண்டாம்.

பொதுவா, பி.சி.யா என்ற குழப்பமும் வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. 31 சதவீதப் பொது இடங்களில் அவள் ரேங்க்குக்கு இடம் இருந்தால் அதில் கிடைக்கும், இல்லையென்றால் பி.சி. இடம் இருக்கிறதா என்று அதுவே பார்த்துக்கொள்ளும்.

பிரவுசிங் சென்டரில் போடுவதாக இருந்தால் பாஸ்வேர்டை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் போன் எண்தான் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சந்தேகம் என்றால் உங்கள் மாவட்டத்து உதவி மையத்துக்கே போய்விடலாம், அங்கே காசு கேட்க மாட்டார்கள்.

கோயிலுக்கு அவசியம் போய்விட்டு வாருங்கள், ஆனால் இந்த வாரமே. 196.5க்கு முதல் சுற்றிலேயே முறை வந்துவிடும். தற்காலிக ஒதுக்கீடு வந்தால் உறுதி செய்ய இரண்டே நாள். கிடைத்தது பட்டியலில் முதலில் போட்டது இல்லை என்றால், ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கும் 'அப்வர்டு' வழியைத் தேர்ந்தெடுத்துக் கட்ட வேண்டியதைக் கட்டிவிடுங்கள். முன்னால் இருக்கும் சிலர் உறுதி செய்யாமல் விடும் இடங்கள் அப்படிக் காத்திருப்பவர்களுக்குத்தான் போகும். அந்த இரண்டு நாளும் போனில் சார்ஜ் இருக்கட்டும், மகளும் நீங்களும் வீட்டில் இருங்கள்.