முதல்முறையாக இன்குபேட்டரில் முட்டை வைக்கிறீர்களா? கேள்வி பதில்

நாட்டுக்கோழி முட்டையை வீட்டிலேயே மெஷினில் வைத்துப் பொரிக்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வாடிப்பட்டியிலிருந்து: அக்கா, பத்து நாளாகச் சேர்த்த முட்டை இருக்கிறது. வைக்கலாமா?

வைக்கலாம் தம்பி, ஆனால் பொரிப்பு குறையும். ஒரு வாரத்துக்குள் வைப்பதுதான் நல்லது. சித்திரை, வைகாசியில் அதுவும் அதிகம். மூன்று நான்கு நாளில் வைத்துவிடுங்கள். அறை வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினாலே கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். அரைகுறையாக வளர்ந்த கரு நாள்பட நாள்பட வலுவிழந்துபோகும். கூர்முனை கீழே இருக்கும்படி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். எச்சம் ஒட்டியிருந்தாலும் கழுவ வேண்டாம். ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் போய்விட்டால் கிருமி உள்ளே இறங்கும். ரொம்ப அழுக்கான முட்டையை அடுப்படிக்கு அனுப்பிவிடுங்கள்.

மேலூரிலிருந்து: எத்தனை டிகிரி வைப்பது?

ஃபேன் உள்ள மெஷினுக்கு 37.5. ஃபேன் இல்லாததற்கு, முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.5 அளவுக்கு இருக்கலாம். ஈரப்பதம் முதல் 18 நாள் 50 சதவீதத்தை ஒட்டியும், கடைசி மூன்று நாள் 65-70 சதவீதமும் வேண்டும்.

நம்ம ஊருக்கென்று ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வீட்டு மெஷினுக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. மதுரை வெயில் 40-ஐத் தொடும் நாளில் தகர ஷெட்டுக்குள் வைத்தால், பல்பு அணைந்திருந்தாலும் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். சூடு குறைந்தால் குஞ்சு ஒரு நாள் பிந்தி வரும். கூடினால் கரு செத்துவிடும். முதல் ஈட்டை ஐப்பசிக்கு மேல் வையுங்கள். கோடையில்தான் வைக்க வேண்டும் என்றால் வெயில் படாத உள்ளறையில் வையுங்கள்.

திருமங்கலத்திலிருந்து: இரண்டு மணி நேரம் கரண்ட் போனால்?

மூடியைத் திறக்காதீர்கள், அது போதும். அடைக்கோழியும் இரை எடுக்க எழுந்து போய்த்தானே வருகிறது.

அலங்காநல்லூரிலிருந்து: டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றுமே புரியவில்லை. எந்த நாளில், என்ன தெரிய வேண்டும்?

அவசரப்படாமல் ஏழாம் நாள் பாருங்கள். விளக்கை அணைத்து, அறையை நன்றாக இருட்டாக்குங்கள். செல்போன் டார்ச்சின் மேல், ஒரு ரூபாய் அளவு ஓட்டை போட்ட அட்டையை வைத்து, முட்டையின் அகலமான முனையை அதில் அண்டக் கொடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் கசியக் கூடாது.

கரு நன்றாக இருந்தால், ஒரு கருஞ்சிவப்புப் புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய ரத்த நரம்புகளும் தெரியும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்தப் புள்ளி அசையும். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகமே வராது. நரம்பே இல்லாமல் மஞ்சள் கரு மட்டும் நிழலாடினால் கரு கூடாத முட்டை. நரம்பு இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால், கரு வளரத் தொடங்கி இறந்துவிட்டது.

பழுப்பு ஓட்டில் சரியாகத் தெரியாது. சந்தேகமானதைப் பென்சிலால் குறித்துவிட்டு மறுபடி உள்ளே வையுங்கள், 14-ஆம் நாள் பார்த்துக்கொள்ளலாம். அப்போது அகலமான முனையில் இருக்கும் காற்றறை தவிர மற்ற இடமெல்லாம் இருண்டிருக்க வேண்டும். தினமும் எடுத்துப் பார்க்காதீர்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: ஒரு முட்டையில் ஓட்டின் மேல் கசிவும் நாற்றமும் இருக்கிறது.

கூமுட்டை. இப்போதே, ஆட்டாமல் எடுத்து வெளியே போடுங்கள். உள்ளே வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும்.

அதே ஊரிலிருந்து: எத்தனை தடவை திருப்புவது?

ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை. திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். 18-ஆம் நாளோடு நிறுத்திவிடுங்கள்.

சோழவந்தானிலிருந்து: ஓட்டை உடைத்துப் பத்து மணி நேரமாகிறது, குஞ்சு வெளியே வரவில்லை. உரித்து விடட்டுமா அக்கா?

வேண்டாம்மா, தயவுசெய்து வேண்டாம். அது சும்மா இருக்கவில்லை. சவ்வில் ஓடும் ரத்தத்தையும் மிச்ச மஞ்சள் கருவையும் உள்ளிழுத்துக்கொண்டிருக்கிறது. இப்போது உரித்தால் ரத்தம் கசிந்தே செத்துப்போகும். முதல் கீறலிலிருந்து 24 மணி நேரம்கூட ஆகலாம். பார்க்கும் ஆசையில் மூடியைத் திறந்தால் ஈரம் போய், சவ்வு காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும். முன்னாடியே பொரித்த குஞ்சுகள் உள்ளே கிடக்கட்டும். உள்ளிழுத்த மஞ்சள் கரு இருப்பதால் இரண்டு நாள் வரை தீனி இல்லாமல் தாங்கும்.

மறுபடி வாடிப்பட்டி: பொரித்த பின்?

பொரிப்பு முடிந்து ஈரம் காய்ந்ததும் புரூடருக்கு, அதாவது குஞ்சுகளைச் சூடாக வைத்து வளர்க்கும் பெட்டிக்கு, மாற்றுங்கள். முதல் வாரம் 33-35 டிகிரி சூடு வேண்டும். குஞ்சுகள் பல்புக்குக் கீழே குவிந்தால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்புச் சொட்டு மருந்துக்குப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள்.