தோட்டத்து முட்டைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் குரோட்டன்ஸ் புதரில் கிண்ணம் போன்ற கூட்டில் நான்கு நீல முட்டைகள் உள்ளன. மைனாவுடையவையா? (உடுமலைப்பேட்டை)

பதில்: அல்ல. மைனா மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் முட்டையிடும். புதருக்குள் கிண்ணக் கூடு கட்டி நீல முட்டையிடுவது தவிட்டுக்குருவி. மைனா முட்டை ஏறத்தாழ 3 செ.மீ., இது 2.5 செ.மீ. இருக்கும். நான்கில் ஒன்று மட்டும் பருத்துத் தெரிந்தால், சுடலைக்குயிலோ அக்காக்குயிலோ அதே நீலத்தில் ஒன்றை இட்டுச் சென்றிருக்கலாம். அதைச் சோதிப்பதற்காக முட்டையை எடுக்காதீர்கள்.

கேள்வி: படம் அனுப்பியுள்ளேன். என்ன முட்டை? (ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: உங்கள் உள்ளங்கையும் அதில் ஒரு புள்ளி முட்டையும் மட்டுமே படத்தில் தெரிகின்றன. கூடு எங்கே, எந்த உயரத்தில், எத்தனை முட்டைகள் என்ற மூன்றும் இல்லாமல் பெயர் சொன்னால் அது சோதிடமாகிவிடும். முட்டையை உடனே கூட்டில் வைத்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: மொட்டைமாடிச் சரளையில் கறுப்புத் திட்டுகளுடன் நான்கு முட்டைகள் கிடந்தன. வெயிலில் வெந்துவிடும் என்று எடுத்துவந்து 60 வாட் பல்பின் கீழ் வைத்துள்ளோம். எப்போது பொரிக்கும்? (திருமங்கலம்)

பதில்: பொரிப்பது அரிது. அவை ஆள்காட்டியின் முட்டைகள். கூரான முனைகள் உள்நோக்கி இருக்க நான்கு முட்டைகளை வெறும் தரையிலேயே வைப்பது அதன் இயல்பு. வெயில் கடுமையானால் அது முட்டைகளின் மேல் நின்று நிழல் தரும்; வயிற்று இறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்தும் குளிர்விக்கும். ஆகவே ஆளில்லாமல் கிடந்த முட்டைகள் கைவிடப்பட்டவை அல்ல. உங்களைக் கண்டுதான் பறவை அப்பால் போயிருக்கும், தலைக்கு மேல் கத்தியும் இருக்கும். நாலு வார அடைகாப்பில் முட்டைக்கு வெப்பம் மட்டுமன்றி ஈரப்பதமும் அடிக்கடி திருப்பிவிடுதலும் வேண்டும். பல்பு வெப்பத்தை மட்டுமே, அதுவும் ஒரு பக்கமாக, தரும். தப்பித்தவறிப் பொரித்தாலும் ஆபத்தைக் கண்டு பதுங்கவும் இரை தேடவும் பெற்றோரைப் பின்பற்றியே பழகும் குஞ்சை அடுக்களையில் வளர்க்க முடியாது. காட்டுப்பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுதல் என்றே கணக்கிடுகிறது. இரக்கப்பட்டுச் செய்தேன் என்று சொல்வோர் இதையும் படிக்க வேண்டும். எடுத்து ஓரிரு மணி நேரமே ஆகியிருந்தால் அதே இடத்தில் வைத்துவிட்டு மாடிக் கதவைச் சாத்துங்கள். ஆண்டுதோறும் கோடையில் இதே கடிதம் வருகிறது, ஊர்ப்பெயர் மட்டுமே மாறுகிறது. முட்டையை எடுக்காதீர்கள்.

கேள்வி: ஏ.சி. வெளிப்பெட்டியின் மேல் குச்சிகளுக்கு நடுவே இரண்டு வெள்ளை முட்டைகள். (அம்பத்தூர்)

பதில்: மாடப்புறா.

கேள்வி: பூந்தொட்டி மண்ணைக் கிளறியபோது வெள்ளை முட்டைகள் வந்தன, அழுத்தினால் அமுங்குகின்றன. (தென்காசி)

பதில்: பறவை முட்டையின் ஓடு அமுங்காது. தனித்தனியாக இருந்தால் பெரும்பாலும் ஓணான். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பாம்பாகவும் இருக்கலாம். மண்ணால் மூடிவிட்டு, தொட்டியை அசைக்காமல் விடுங்கள்.

கேள்வி: மனிதர் கை பட்டால் தாய்ப்பறவை கூட்டை ஒதுக்கிவிடுமா? (மன்னார்குடி)

பதில்: கைவாசனைக்காகப் பொதுவாக ஒதுக்குவதில்லை. ஆனால் அடிக்கடி எட்டிப் பார்ப்பவரால் பறவை எழுந்து எழுந்து பறக்கும், முட்டை குளிரும். நீங்கள் கூட்டருகே போய்வருவதைக் கவனிக்கும் காகம், நீங்கள் திரும்பியதும் அங்கே வந்துவிடும்.