நடுநிலை வகிக்கும் நாட்டை ஒரு திடீர்த் தாக்குதல் எப்படிப் போருக்குள் இழுக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஜப்பான் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். ஆனால் 1941 டிசம்பருக்கு முன்பே அமெரிக்கா பிரிட்டனுக்கு ஆயுதம் அனுப்பிக்கொண்டிருந்தது, ஜப்பானுக்கு எண்ணெயை நிறுத்தியிருந்தது. தாக்கப்பட்ட மறுநாளே நாடாளுமன்றத்தைக் கூட்டிப் போர் அறிவிக்க அதனால் முடிந்தது. நிஜமாகவே ஒதுங்கி இருக்க விரும்பிய ஒரு சின்ன நாடு எப்படிச் சிக்கிக்கொள்கிறது என்று தெரிய, 1940 ஏப்ரலில் நார்வேக்கு நடந்ததைப் படிக்க வேண்டும். நான் பல வருடங்களாகத் தேடித் தேடிப் படித்துவரும் விஷயம் இது.

நார்வே கடைசியாகப் போரிட்டது 1814-இல். முதல் உலகப்போரிலும் நடுநிலைதான். 1939 செப்டம்பரில் மறுபடி நடுநிலை அறிவித்தபோது மக்கள் தொகை முப்பது லட்சத்தை ஒட்டியது. யாரோடும் அதற்குச் சண்டை இல்லை. பிரச்சினை அதன் புவியியலில் இருந்தது. ஜெர்மனியின் எஃகு ஆலைகளுக்கு வடக்கு ஸ்வீடனின் இரும்புத் தாது தேவை. குளிர்காலத்தில் பால்டிக் கடலின் வடபகுதி உறைந்துவிடும். அப்போது தாது ரயிலேறி, நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு வந்து, கரையோரமாகவே தெற்கே போகும். அந்தக் கடல் உறையாது. ஜெர்மனி அந்த வழியை இழக்க முடியாது, பிரிட்டன் அதை விட்டுவைக்க விரும்பவில்லை.

ஆக, தாக்குதலுக்கு முன்பே நடுநிலை இரண்டு பக்கமும் அரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகளாலும் கண்ணிவெடிகளாலும் நூற்றுக்கணக்கான நார்வே மாலுமிகள் ஏற்கெனவே செத்திருந்தார்கள். 1940 பிப்ரவரி 16 அன்று, பிரிட்டிஷ் கைதிகளை ஏற்றிவந்த ஆல்ட்மார்க் என்ற ஜெர்மன் கப்பலை நார்வேயின் எல்லைக்குள்ளேயே ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் விரட்டிப் பிடித்து, கைதிகளை மீட்டுக்கொண்டு போனது. அங்கிருந்த நார்வே படகுகளால் ஆட்சேபம் தெரிவிக்கத்தான் முடிந்தது. நார்வேயால் தன் கடலைக் காத்துக்கொள்ள முடியாது என்று ஹிட்லர் முடிவு கட்டினார். படையெடுப்புத் திட்டம் வேகமெடுத்தது. ஏப்ரல் 8 காலையில் பிரிட்டன் தன் பங்குக்கு நார்வே கடலில் கண்ணிவெடி போட்டது. நார்வே அரசு அன்று முழுக்க லண்டனுக்கு எதிர்ப்புத் தெரிவிப்பதில்தான் முனைப்பாக இருந்தது. ஜெர்மன் கப்பல்கள் அப்போது நடுக்கடலில் வந்துகொண்டிருந்தன.

இத்தனைக்கும் எச்சரிக்கை வராமல் இல்லை. அதே ஏப்ரல் 8 நண்பகல்வாக்கில், தென்கரையில் லில்லெசான்ட் அருகே ரியோ டி ஜெனிரோ என்ற ஜெர்மன் கப்பலை ஒரு போலந்து நீர்மூழ்கி மூழ்கடித்தது. மீட்கப்பட்டவர்கள் சீருடை அணிந்த சிப்பாய்கள். நார்வேயின் பெர்கன் நகரைக் காக்கப் போகிறோம் என்று அவர்களே சொன்னார்கள்! தகவல் ஓஸ்லோவுக்கும் போனது. அப்படியும் படை திரட்ட உத்தரவு வரவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு வந்த உத்தரவும் படையின் ஒரு பகுதிக்குத்தான், அதுவும் தபாலில் அழைப்புக் கடிதம் அனுப்பும் முறையில். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊருக்கெல்லாம் தெரியும்படி படை திரட்டினால் அதையே சாக்காக வைத்து யாராவது உள்ளே வந்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு நடுநிலை அரசுக்கு எப்போதும் இருக்கும். திடீர்த் தாக்குதல் சாய்வது அந்தத் தயக்கத்தின் மேல்தான்.

ஏப்ரல் 9 விடியற்காலையில் ஓஸ்லோவிலிருந்து நார்விக் வரை ஒரே நேரத்தில் அடி விழுந்தது. வருவது யார் என்பதே பல இடங்களில் தெளிவாகத் தெரியவில்லை. கிறிஸ்டியான்சாண்ட் கோட்டை ஜெர்மன் கப்பல்களை இரண்டு தடவை துரத்தியது. பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்களைச் சுடாதே என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்த நேரத்தில் அவை மூன்றாவது தடவை வந்தன. அவற்றின் கொடியைப் பிரெஞ்சுக் கொடி என்று நினைத்துச் சுடாமல் விட்டார்கள், ஊர் போய்விட்டது. நார்விக்கில் இரண்டு பழைய போர்க்கப்பல்கள் சரணடைய மறுத்தன. டார்பிடோ பட்டுச் சில நிமிடங்களில் மூழ்கின. 270-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஓஸ்லோவுக்குப் போகும் கடல்வழி ட்ரோபாக் என்ற இடத்தில் மிகவும் குறுகும். அங்கே ஆஸ்கர்ஸ்போர்க் என்ற கோட்டை. தளபதி கர்னல் பிர்கர் எரிக்சன், வயது 64, ஓய்வு பெறும் காலம். கோட்டையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் புதிதாகச் சேர்ந்த பயிற்சி வீரர்கள். பீரங்கிகள் 1890-களில் ஜெர்மனியின் க்ரூப் ஆலையில் செய்தவை. இருந்த ஆட்களை வைத்து இரண்டு பீரங்கிகளைத்தான் இயக்க முடிந்தது. அதிகாலை 4:21-க்கு, இருட்டில் ஒரு பெரிய கப்பல் உருவம் தெரிந்தது. எந்த நாட்டுக் கப்பல் என்று அவருக்கு உறுதியாகத் தெரியாது. நடுநிலை விதிப்படி முதலில் எச்சரிக்கைக் குண்டுதான் சுட வேண்டும். அவர் நேராகக் கப்பலையே சுடச் சொன்னார். இதற்குப் பதக்கமோ ராணுவ விசாரணையோ கிடைக்கும் என்று அவர் சொன்னதாக நார்வேயில் இன்றும் சொல்வார்கள்.

இரண்டு குண்டுகளும் பட்டன. அப்புறம் கரையிலிருந்து விட்ட நாற்பது வருடப் பழைய டார்பிடோக்களும் பட்டன. ஓஸ்லோவைப் பிடிக்கத் துருப்புகளையும் அதிகாரிகளையும் ஏற்றிவந்த புத்தம் புதிய ப்ளூச்சர் கப்பல் இரண்டு மணி நேரத்தில் மூழ்கியது. பின்னால் வந்த கப்பல்கள் திரும்பிவிட்டன. அதனால் கிடைத்த சில மணி நேரத்தில் மன்னர், அமைச்சரவை, நாடாளுமன்றம் எல்லாம் ரயிலேறி வடக்கே போனார்கள். மத்திய வங்கியின் ஐம்பது டன் தங்கமும் லாரிகளில் கிளம்பியது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. அதே காலையில், அதே படையெடுப்பில் டென்மார்க்கும் தாக்கப்பட்டது. சில மணி நேரத்தில் அது பணிந்தது. சமதரை நாடு, நிலத்தில் ஜெர்மனியோடு எல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடி ஒன்று, விளைவு இரண்டு. தாக்குதல் ஒதுங்கி நிற்கும் வாய்ப்பைப் பறிக்கிறது. போரிடுவதா பணிவதா என்பதை அதற்குப் பிறகும் அந்த நாட்டுக்காரர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

நார்வேயில் அந்த முடிவு இரண்டு நாளில் உறுதியானது. விடியற்காலையில் ஜெர்மன் தூதர் ப்ரோயர், உங்கள் நடுநிலையைக் காக்கத்தான் வருகிறோம் என்று நிபந்தனைகளை நீட்டியபோதே வெளியுறவு அமைச்சர் கோட் மறுத்துவிட்டார். ஆனாலும் அமைச்சரவையில் சிலருக்குப் பேசிப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தது. அன்று மாலை நாஜி ஆதரவு நார்வே அரசியல்வாதி குவிஸ்லிங் வானொலியில் தன்னையே பிரதமர் என்று அறிவித்துக்கொண்டார். ஏப்ரல் 10 அன்று எல்வெரும் ஊரில் ப்ரோயர் மன்னர் ஏழாம் ஹாகோனைச் சந்தித்து, குவிஸ்லிங்கை நியமிக்கச் சொன்னார். ஹாகோன் பிறப்பால் டென்மார்க் இளவரசர். முந்தின நாள் பணிந்த டென்மார்க் மன்னரின் தம்பி. 1905-இல் மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு நார்வே அரியணைக்கு வந்தவர். முடிவு உங்களுடையது, ஆனால் நீங்கள் இதை ஏற்றால் நான் முடி துறக்க வேண்டியிருக்கும் என்று அமைச்சர்களிடம் சொன்னார். அமைச்சரவை ஒருமனதாக மறுத்தது. மறுநாள் அவர்கள் தங்கியிருந்த நிபெர்க்சுண்ட் கிராமத்தின் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. மன்னரும் அமைச்சர்களும் காட்டுக்குள் ஓடித் தப்பித்தார்கள்.

சட்டப்படி பார்த்தாலும் நார்வே செய்ததில் தவறில்லை. நடுநிலை நாடு தன் எல்லை மீறலைப் பலத்தால் தடுத்தாலும் அதைப் பகைச்செயலாகக் கொள்ளக் கூடாது என்று 1907 ஹேக் உடன்படிக்கை சொல்கிறது. அந்த விதியால் ஒரு கப்பல்கூடத் திரும்பிப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

நிலத்தில் சண்டை 62 நாள் நடந்தது. ஜூன் 7 அன்று மன்னரும் அரசும் ட்ரோம்சோவிலிருந்து பிரிட்டிஷ் கப்பலில் ஏறினார்கள். நாடு போய்விட்டாலும் அவர்கள் கையில் இருந்தது உலகின் மிகப் பெரிய வணிகக் கப்பல் படைகளில் ஒன்று. சுமார் ஆயிரம் கப்பல்களை நார்ட்ராஷிப் என்ற நிறுவனத்தின் கீழ் அரசு கொண்டுவந்தது. பிரிட்டனுக்குப் போன எண்ணெயில் பெரும்பங்கு அவற்றில்தான் போனது. சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொண்டிருந்த மாலுமிகள் ஒரே நாளில் போர்முனைக்கு வந்துவிட்டார்கள். 3,000-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. போரின்போது அவர்கள் பெயரில் ஒரு நிதி ரகசியமாகச் சேர்க்கப்பட்டது. போர் முடிந்ததும் அது தனித்தனியாகப் பிரித்துத் தரப்படவில்லை. நீதிமன்றத்திலும் தோற்றார்கள். உயிரோடு இருந்தவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் 1972-இல்தான் நார்வே அரசு பணம் கொடுத்தது.